நீச்சல் குளத்துக்கு ஒரு பாதுகாப்பு விரிப்பு: தேர்ந்தெடுத்ததும் பொருத்தியதும்

எங்கள் வீட்டு நீச்சல் குளத்தின்மேல் மூன்று ஆண்டுகளாக ஒரு நீலக் குமிழித்தாள் மிதந்துகொண்டிருந்தது. வெயிலின் சூட்டை நீரில் தேக்குவதற்காகவும் நீர் ஆவியாவதைக் குறைப்பதற்காகவும் செய்யப்பட்ட அந்தத் தாளை, நீர் கண்ணுக்கு மறைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால், நாங்கள் பாதுகாப்பு என்றும் எண்ணியிருந்தோம். ஒரு மாலை, உருண்டோடிய பந்தைத் துரத்திக்கொண்டு எங்கள் நாய் அதன்மேல் பாய்ந்தது. இரண்டு எட்டுவரை தாள் தாங்குவதுபோலப் போக்குக் காட்டியது. பிறகு அமிழ்ந்து, நாயின் உடலைச் சுற்றிக்கொண்டது. அது தலை தூக்கிய இடத்திலெல்லாம் தாளே இருந்தது. நான் குதித்துத் தாளை ஒதுக்கி அதை வெளியே தூக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த நேரம் முழுவதும் ஒரு சிறு குரைப்புக்கூட எழவில்லை. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. எங்கள் மகளுக்கு அப்போது இரண்டரை வயது.

அன்றிரவே குமிழித்தாளைச் சுருட்டிக் கொட்டகையில் போட்டுவிட்டு, அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேட ஒன்று புலப்பட்டது. விற்பனையில் 'குளம் மூடும் விரிப்பு' என்ற ஒரே பெயருக்குள் முற்றிலும் வேறான வேலைகளைச் செய்யும் பொருள்கள் அடங்கியிருக்கின்றன. இலைதழை விழாமல் தடுக்கும் வலை, சூட்டைத் தேக்கும் குமிழித்தாள், குளிர்காலத்தில் ஓரமெங்கும் நீர்ப்பைகளை வைத்து அழுத்தும் தார்ப்பாய் ஆகிய மூன்றும் ஓர் உடலின் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. திறந்த குளத்தைவிட இவை ஒருவகையில் மோசமானவை என்பது என் கருத்து. திறந்த குளத்தில் விழுந்த குழந்தையின் தலையாவது வெளியில் தெரியும். தாளுக்கு அடியில் போனால் அதுவும் தெரியாது.

பாதுகாப்பு விரிப்பு என்று சொல்லத் தகுந்தது எது என்பதற்கு அமெரிக்காவில் வழங்கும் ஏஎஸ்டிஎம் எஃப்1346 என்ற தரநிலை தெளிவான அளவுகோல்களைத் தருகிறது. 8 அடிக்கு மேல் அகலமான குளமாக இருந்தால், விரிப்பு 485 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 220 கிலோ எடையைத் தாங்க வேண்டும். இந்த எண் ஏதோ ஒரு முழு எண்ணாக எடுத்துக்கொண்டது அன்று. விரிப்பின்மேல் ஒரு குழந்தை சிக்கிக்கொள்ள, அதை மீட்க இரண்டு பெரியவர்கள் மேலே ஏறினால் மூவரின் எடையும் சேர்ந்து எவ்வளவு வரும் என்ற கணக்கிலிருந்து வந்தது. அதோடு, மேலே தேங்கும் நீர் அரைமணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிட வேண்டும். விளிம்புக்கும் விரிப்புக்கும் இடையில் குழந்தை நுழைந்துவிடக் கூடாது. விரிப்பின்மீது தைத்திருக்கும் சீட்டில் இந்தத் தரநிலையின் எண் இருக்கிறதா என்பதே நான் முதலில் பார்த்தது. பிரான்சு நாட்டில் இதற்கு நிகரான தரநிலை என்எஃப் பி90-308. அங்கே 2003 ஜனவரி 3-ஆம் நாளின் சட்டப்படி, தரையில் புதைந்த தனியார் குளங்களுக்கு வேலி, எச்சரிக்கை மணி, விரிப்பு, கூரைக்கூடு ஆகிய நான்கில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். சட்டத்துக்கு ஒன்று போதும்; எனக்கு இரண்டு வேண்டும் என்று தோன்றியது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தரநிலைக்கு உட்பட்டவற்றிலும் மூன்று வகைகள் இருந்தன. பொத்தானை அழுத்திப் பிடித்தால் தண்டவாளத்தில் ஓடிக் குளத்தை ஒரு நிமிட அளவில் மூடும் தானியங்கி விரிப்புதான் என் மனத்துக்கு முதலில் பிடித்தது. ஆனால் அது செவ்வகக் குளத்துக்கே இயல்பாகப் பொருந்துவது. எங்கள் குளம் ஏறத்தாழ 9.75 மீட்டர் நீளமும் 4.9 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகம்தான் என்றாலும், ஒரு முனையில் படிக்கட்டு அரைவட்டமாக வெளியே பிதுங்கி நிற்கிறது. தண்டவாளத்தைத் தரைமேல் பதிக்கலாம் என்றார்கள். அப்படிச் செய்தால் படிக்கட்டுப் பகுதிக்குத் தனி ஏற்பாடு வேண்டும், சுருளை வைப்பதற்கு மறுமுனைத் தளத்தை வெட்ட வேண்டும். கட்டும்போதே யோசித்திருக்க வேண்டிய பொருள் அது.

அடுத்தது நீர்புகாத கனத்த வினைல் விரிப்பு. வெயிலை முழுவதும் மறைப்பதால் பாசி பிடிக்காது, நீர் தெளிவாகவே இருக்கும். ஆனால் மழை பெய்தால் அதன் நடுவில் நீர் தேங்கும். அதை இறைக்க ஒரு சிறு பம்பு எப்போதும் மேலேயே கிடக்க வேண்டும், அல்லது நடுவில் வடிகால் வலை தைத்திருக்க வேண்டும். சில சென்டிமீட்டர் ஆழ நீரில் குப்புற விழுந்தாலே சிறு குழந்தை மூழ்கிவிடக்கூடும் என்னும்போது, விரிப்பின்மேல் இன்னொரு குட்டையை உருவாக்கிவிட்டு, மின்சாரம் போகாது என்று பம்பை நம்பியிருக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவதான வலைத்துணி விரிப்பில் மழைநீர் நேராகக் கீழே இறங்கிவிடும், எடையும் குறைவு. அதன் குறைகள் நுண்ணிய மண் உள்ளே வடிவதும், ஓரளவு வெளிச்சம் கசிந்து பாசி வளர்வதும். பாசியைத் தேய்த்துக் கழுவிவிடலாம் என்று வலைத்துணியை எடுத்தேன். நெருக்கமாக நெய்த வகையைக் கேட்டு வாங்கினேன்.

இந்த விரிப்பின் ஓரமெங்கும் உள்ள பட்டைகளைத் தளத்தில் ஒவ்வொன்றாகக் கையால் மாட்ட வேண்டும். இந்த இடத்தில் என் மனைவி கேட்ட கேள்விதான் திட்டத்தையே திருப்பியது. "இருபது கொக்கிகளைத் தினமும் யார் மாட்டப் போகிறீர்கள்?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. வார இறுதியில் மட்டும் குளிக்கும் மாதங்களில் மாட்டலாம். கோடையில் மாலைதோறும் குளிக்கும் நாள்களில், களைத்துப் போய், 'இன்றைக்கு ஒருநாள்' என்று விட்டுவிடுவேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே வலைத்துணி விரிப்போடு, குளத்தை மட்டும் நான்கு பக்கமும் சுற்றி, தானாகச் சாத்தித் தானாகத் தாழிட்டுக்கொள்ளும் கதவுடன் 1.2 மீட்டர் உயர வேலி ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். வீட்டுச் சுவரை நான்காவது பக்கமாகக் கணக்கிடவில்லை. பின்வாசல் கதவைக் குழந்தை திறந்தால் நேரே நீரில்தான் போய் நிற்கும். வேலி வேலையை ஆள்வைத்து முடித்தோம். அதைப்பற்றி இங்கே எழுத அதிகம் இல்லை.

அளவெடுப்பதைத்தான் நான் மிகக் குறைவாக மதிப்பிட்டிருந்தேன். நீளம், அகலம் சொன்னால் தைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். படிக்கட்டுப் பிதுக்கத்தைக் கேட்டதும் இருபுள்ளி முறையில் அளந்து அனுப்பச் சொன்னார்கள். குளத்தின் நீளப் பக்கத்துக்கு இணையாக, விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, தளத்தில் அ, ஆ என்று இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை முதலில் எழுத வேண்டும். பிறகு குளத்தின் விளிம்பெங்கும் புள்ளிகளுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் அ-விலிருந்து ஓர் அளவு, ஆ-விலிருந்து ஓர் அளவு எடுக்க வேண்டும். மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் முக்கோணம் ஒரே ஒரு விதமாகத்தான் அமையும் என்பதால், இந்த இரண்டு அளவுகளைக்கொண்டே ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று அவர்கள் வரைந்துவிடுகிறார்கள். நேர்ப்பகுதியில் 90 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியும், வளைவில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றும் வைத்தேன். புள்ளிகளைச் சுண்ணக்கட்டியால் குறித்தது தவறு. பாதி வேலையில் நாய் ஈரக்காலோடு நடந்து நான்கு எண்களை அழித்துவிட்டது. மறுநாள் ஒட்டுநாடாத் துண்டுகளில் எண் எழுதி ஒட்டி முதலிலிருந்து தொடங்கினேன். துணி அளவுநாடா இழுக்க இழுக்க நீளும். எஃகு நாடாவே நல்லது, அதையும் தொய்யாமல் மறுமுனையில் ஒருவர் பிடிக்க வேண்டும்.

முடிவில், குளத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் தனியாக அளந்து அனுப்பினேன். இது கேட்காமலே செய்தது. ஆனால் இதுதான் காப்பாற்றியது. திரும்பி வந்த வரைபடத்தில் படிக்கட்டு வளைவின் ஒரு புள்ளி உள்ளே குழிந்திருந்தது. மூலைவிட்டங்கள் பொருந்தியதால் செவ்வகத்தில் பிழையில்லை என்பது உறுதியாயிற்று, அந்த ஒரு புள்ளியை மட்டும் மறுபடி அளந்தேன். 6-ஐ 9 என்று படித்திருக்கிறேன். அப்படியே தைத்திருந்தால், குழந்தை முதலில் போய் நிற்கும் இடமான படிக்கட்டு ஓரத்தில் விரிப்பு ஒரு சாண் குறைந்திருக்கும்.

விரிப்பு விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் தளத்தின்மேல் படியும்படி தைக்கச் சொன்னேன். அதன் அடியில் குறுக்கும் நெடுக்குமாக 1.5 மீட்டருக்கு ஒன்றாகப் பட்டைகள் ஓடுகின்றன. எடையைத் தாங்குவது துணியன்று, இந்தப் பட்டைகளே. ஒவ்வொரு பட்டையின் முனையிலும் துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங் ஒன்று உண்டு. அது தளத்தில் புதைத்த பித்தளை ஆங்கரில் மாட்டிக்கொள்ளும். எங்களுக்கு மொத்தம் 22 ஆங்கர்கள். கரடான விளிம்புக்கல்லில் உராயும் இடங்களில் அடியில் தடித்த உராய்வுப்பட்டை தைத்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்குவது நல்லது. நான் அதைப் பின்னால் தனியாகத் தைக்க வேண்டியதாயிற்று.

துளையிடும் நாளில் முதலில் விரிப்பைக் குளத்தின்மேல் இழுத்துப் பரப்பி, நான்கு மூலைகளிலும் மணல் மூட்டை வைத்து நேராக்கினேன். அகலவாட்டில் எதிரெதிரே உள்ள பட்டைகளை முதலில் இழுத்துப் பார்த்து, ஸ்பிரிங் பாதி அமுங்கும் நிலையில் ஆங்கர் எங்கே விழும் என்று குறித்தேன். எதிரெதிர் ஆங்கர்களும் பட்டையும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால், இழுவிசை பக்கவாட்டில் திரும்பித் துணியை மடிப்பு மடிப்பாகச் சுருக்கிவிடும். பிறகு ஹாமர் டிரில்லில் 19 மில்லிமீட்டர் பிட்டை மாட்டி, ஆழம் தெரிய பிட்டில் ஒட்டுநாடா சுற்றிக்கொண்டு, செங்குத்தாகத் துளைத்தேன். துளையில் தங்கும் தூளை ஊதியோ உறிஞ்சியோ முழுவதும் எடுக்காவிட்டால் ஆங்கர் தளமட்டத்துக்கு இறங்காது. கண்ணாடியும் தூசிக்கவசமும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கான்கிரீட் தூள் நுரையீரலுக்குப் பொல்லாதது. ஆங்கரின் உள்ளே இருக்கும் திருகை ஆலன் கீயால் மேலே ஏற்றினால் ஸ்பிரிங் மாட்டலாம். விரிப்பை எடுத்ததும் கீழே இறக்கிவிட்டால் காலில் தட்டாது.

கான்கிரீட் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எதிர்ப்பக்கத்தில் தளம் மணல்மேல் பரப்பிய சதுரக் கற்களால் ஆனது. அதிலும் அதே ஆங்கரை அடித்து மாட்டினேன். கடைசி ஸ்பிரிங்கை இழுத்து மாட்டிய நொடியில், கல் குளத்தை நோக்கி ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. தனிக்கல் ஒன்றின் எடையைத் தவிர அந்த இழுப்பை எதிர்க்க அங்கே வேறு எதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு குழந்தையின் எடை விழுந்தால் அந்தப் பக்கம் முழுவதும் வரிசையாகப் பெயர்ந்துவிடும். எல்லாவற்றையும் கழற்றி, கல்லின் வழியே துளையிட்டு, அடியில் உள்ள மண்ணுக்குள் 45 சென்டிமீட்டர் நீளக் குழாயை அறைந்து இறக்கி, ஆங்கரை அதன் தலையில் பொருத்தினேன். இரண்டு நாள் வேலை கூடிற்று. மரத்தளத்தில் பொருத்துவோருக்கு அகன்ற தட்டுள்ள வேறு ஆங்கர் இருக்கிறது. தளம் எதனால் ஆனது என்பதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

பொருத்தி முடித்த பிறகு மூன்று சோதனைகள் செய்தேன். தோட்டக்குழாயால் நடுவில் நீரைக் கொட்டியபோது சில நிமிடங்களில் வடிந்துவிட்டது. மகளின் தலையைவிடச் சற்றுச் சிறிய பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, விளிம்பைச் சுற்றி ஒவ்வோர் அடியிலும் விரிப்புக்கும் தளத்துக்கும் இடையே திணித்துப் பார்த்தேன். படிக்கட்டுக் கைப்பிடியைச் சுற்றி வெட்டிய இடத்தில் பந்து வழுக்கி உள்ளே போய்விட்டது. கைப்பிடியையே கழற்றிவிட்டு, அந்த வெட்டை மூடித் தைக்கக் கொடுத்தேன். ஏணி, கைப்பிடி, நீர்வீழ்ச்சிப் பாறை போன்றவை இருக்கும் குளங்களில் இடைவெளி பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

மூன்றாவது எடைச் சோதனை. 25 கிலோ மணல் மூட்டைகள் நான்கைக் கயிற்றால் கட்டி, இரண்டு பக்கத்திலிருந்தும் இருவர் இழுத்து, நடுவுக்குக் கொண்டுபோனோம். விரிப்பு பள்ளமாக இறங்கி நீரைத் தொட்டது. நீர் வலைக்கண் வழியே கசிந்து மூட்டையைச் சுற்றித் தேங்கிற்று. எனக்குப் பகீரென்றது. பார்த்தால், இழுவை குறைவாக இருந்திருக்கிறது: ஸ்பிரிங்குகள் கால்வாசிகூட அமுங்கவில்லை. பட்டைகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, பாதி அமுங்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகு அதே எடைக்குப் பள்ளம் வெகுவாகக் குறைந்தது. முழுவதும் அமுங்கும்படி இறுக்கினால் திடீர்ச் சுமைக்கு நெகிழ்ந்துகொடுக்க ஸ்பிரிங்கில் இடமே இராது. நீர்மட்டமும் இதில் பங்கு வகிக்கிறது. நீர் விளிம்பிலிருந்து 45 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எங்கள் விரிப்பின் கையேடு சொல்கிறது. பெரிய சுமை விழும்போது கடைசியாகத் தாங்கிப் பிடிப்பது அந்த நீர்தான். மழையில் மட்டம் விரிப்பைத் தொடும் அளவு ஏறிவிட்டால் அதுவும் ஆகாது. ஆகவே வாரம் ஒருமுறை மட்டம் பார்ப்பது என் வேலைப்பட்டியலில் சேர்ந்துவிட்டது.

விரிப்பைப் பாதி மட்டும் கழற்றிவிட்டுக் குளிப்பதை வீட்டில் தடைசெய்திருக்கிறோம். மூடிய பாதிக்கு அடியில் நீந்திப் போய்விட்ட குழந்தைக்கு மேலே வரும் வழி தெரியாது. என் நாயிடம் நான் கண்டதும் அதுவே. எடுப்பதானால் முழுவதும் எடுத்து மடித்து, வேலிக்கு வெளியே வைக்கிறோம். இருவராகச் செய்தால் இப்போது 15 நிமிடங்கள் ஆகின்றன; முதல் நாள் ஒருமணி நேரத்துக்கு அருகில் ஆயிற்று. ஸ்பிரிங்கை நெம்பும் கம்பி எட்டாத உயரத்தில் தொங்குகிறது. பொம்மைகளையும் பந்துகளையும் குளத்திலும் விரிப்பின்மேலும் விட்டுவைப்பதில்லை, ஏனென்றால் குழந்தையை வேலியோரம் இழுப்பவை அவைதான்.

நாயைப் பொறுத்தவரை விரிப்பு பாதிப் பதில்தான். நீச்சல் தெரிந்த நாயும் விளிம்பைப் பிடித்து ஏற முடியாமல், ஒரே இடத்தில் சுவரைப் பிறாண்டிக் களைத்து மூழ்கும். எங்கள் நாய்க்கு வயது 11. ஒரு கண்ணில் புரை. குளம் திறந்திருக்கும் நாள்களில் அதைக் கழுத்துப்பட்டையில் பிடித்துக்கொண்டு நீரில் இறக்கி, ஒவ்வொரு முறையும் வேறு மூலையிலிருந்து படிக்கட்டுக்கு அழைத்து வந்தேன். பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பிறகு தானாகவே படிக்கட்டை நோக்கித் திரும்பியது. கண் மங்கிய நாய்க்கு அடையாளமாக இருக்கட்டும் என்று படிக்கட்டின் இரு ஓரங்களிலும் வெள்ளைப்பட்டை ஒட்டியிருக்கிறேன். விரிப்பின்மேல் நடக்க அதைப் பழக்கவில்லை. அது தரை அன்று என்று நாய் நினைத்துக்கொண்டிருப்பதே நல்லது.

ஓராண்டு கழித்து எடுத்து விரித்துப் பார்த்தபோது, விளிம்புக்கல்லின் கூரான மூலையில் துணி நைந்திருந்தது. உராய்வுப்பட்டை தைத்தது அப்போதுதான். நகக்கீறல் போன்ற இரண்டு சிறு துளைகளுக்கு ஒட்டுத்துண்டு போட்டேன். துணியில் ஒட்டுப்போடலாம், பட்டையின் தையல் பிரிந்தால் வீட்டில் தைக்காமல் செய்தவர்களிடமே அனுப்ப வேண்டும். நல்ல வேளையாக ஒன்றும் பிரியவில்லை. வலைக்கண்களில் மண் அடைத்து ஒரு மூலையில் நீர் தேங்கத் தொடங்கியிருந்தது. மென்மையான தூரிகையால் தேய்த்து, நீரைப் பீய்ச்சிக் கழுவியதும் பழையபடி வடிந்தது. கல்தளப் பக்கத்து ஸ்பிரிங்குகளில் மூன்று தளர்ந்திருந்தன, மாற்றிவிட்டேன். கோடையில் விரிப்பு எத்தனை மாலைகள் போடப்படாமல் இருந்தது என்று மனைவி நாள்காட்டியில் குறித்து வைத்திருந்தாள்: 19. அந்த 19 மாலைகளிலும் வேலிக்கதவு தாழிட்டிருந்தது.